பம்பைமடுவில் ஒரு பல்கலைக்கழகம்: வன்னிப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது?

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் போனால் பம்பைமடு. அந்தப் பெயரைக் கேட்டதும் பல குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது படிப்பு அல்ல. 2009 இல் போர் முடிந்தபின், சரணடைந்த பெண்களைப் புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்துவைத்த இடங்களில் ஒன்று, பம்பைமடுவில் இருந்த பல்கலைக்கழக மாணவிகள் விடுதி. இன்னும் மேற்கே போனால் செட்டிகுளமும் மெனிக் பாமும். மெனிக் பாம் கூடாரங்களில் நடைபழகிய பிள்ளைகள் இப்போது உயர்தரம் எழுதும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பம்பைமடுவுக்கே படிக்கப் போகக்கூடும்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வேர் 1991 இல் தொடங்கிய வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. 1997 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. பூங்கா வீதி, குருமன்காடு என்று நகருக்குள் சிதறிக் கிடந்த கட்டடங்களில்தான் நீண்டகாலம் வகுப்புகள் நடந்தன. அந்நாளில் வன்னிக்குள் இருந்து வந்து படிப்பதென்றால் பாஸ் எடுக்க வேண்டும். சோதனைச்சாவடியில் காத்து நிற்க வேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, வீட்டுக்குப் போய்வரும் வழியும் அடைபட்டது.

2021 ஓகஸ்ட் 1 அன்று வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. புதிய கற்கைநெறி ஒன்றைத் தொடங்க முன்பு யாழ்ப்பாணத்து மூதவை வரை போகவேண்டும். இப்போது மூதவையும் பேரவையும் துணைவேந்தரும் இங்கேயே. பட்டச் சான்றிதழிலும் வவுனியாவின் பெயர்தான்.

பிரயோக விஞ்ஞான பீடம், வியாபாரக் கற்கைகள் பீடம், தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் என மூன்று பீடங்கள். தகவல் தொழில்நுட்பம், கணினி விஞ்ஞானம், சுற்றாடல் விஞ்ஞானம், பிரயோக கணிதமும் கணிப்பும் ஆகியவை முதலாவதில். கணக்கியலும் நிதியும், முகாமைத்துவம், செயற்றிட்ட முகாமைத்துவம் போன்றவை இரண்டாவதில். மூன்றாவது பீடம், 2013 இல் பாடசாலைகளில் அறிமுகமான தொழில்நுட்பப் பிரிவு மாணவருக்காக வந்தது.

கலைப் பீடம் இந்தப் பட்டியலில் இல்லை. கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் போதாத வன்னிக் கிராமப் பாடசாலைகளில் பிள்ளைகள் பெரும்பாலும் கலைப் பிரிவுக்கே தள்ளப்படுகிறார்கள். தங்கள் வீட்டருகே இருக்கும் பல்கலைக்கழகத்தை பஸ்ஸில் கடந்து யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகவேண்டிய நிலை அவர்களுக்கு. வளாகம் பல்கலைக்கழகமானதைக் கொண்டாடிய அரசியல்வாதிகள் இதைப் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

இன்னொரு தவறான எண்ணமும் பெற்றோரிடம் உண்டு. பல்கலைக்கழகம் வன்னியில் இருப்பதால் வன்னிப் பிள்ளைகளுக்கு அங்கே தனி இடம் உண்டு என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் வருகின்றன. ஆனால் இந்த ஒதுக்கீடு கற்கைநெறிக்கானது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதை இசட் புள்ளியும், விண்ணப்பத்தில் மாணவர் எழுதும் விருப்ப ஒழுங்கும் தீர்மானிக்கின்றன. ஆகவேதான் பம்பைமடுவில் தமிழ், முஸ்லிம் மாணவருடன் தென்னிலங்கைச் சிங்கள மாணவரும் கணிசமாகப் படிக்கிறார்கள். சிற்றுண்டிச்சாலை மேசையில் மூன்று மொழியும் கேட்கும்.

வகுப்பறையில் கேட்பது ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் கணக்கியல் படித்த பிள்ளை, முதல் விரிவுரையில் தான் அறிந்த விடயத்தையே அறியாதது போல உட்கார்ந்திருக்கும். ஆங்கில ஆசிரியரே இல்லாத பாடசாலையிலிருந்து வந்தவருக்கு முதலாம் ஆண்டு மிகக் கடினம். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பல மாதங்கள் இடைவெளி இருக்கிறது. அந்த மாதங்களில் ஆங்கிலத்துக்குச் செலவிடும் நேரம், வேறெந்த ஆயத்தத்தையும் விடப் பெறுமதியானது.

கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, போக்குவரத்து, மடிக்கணினி என்று செலவு இருக்கிறது. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், அது கிடைக்காதவருக்கான உதவுதொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. தகப்பன் இல்லாத, தாய் கூலிவேலைக்குப் போகும் வீட்டுக்கு இது காணாது. குடும்ப வருமானம் பார்த்தே இவை வழங்கப்படுவதால், கிராம அலுவலர் மூலம் பெறவேண்டிய வருமானச் சான்றிதழைக் கடைசி நாள்வரை விட்டுவைக்கக் கூடாது.

பகிடிவதையைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிள்ளை சொன்னால் நம்புங்கள். “எல்லாருக்கும் நடக்கிறதுதானே” என்று அடக்கிவிடாதீர்கள்.

விண்ணப்பிப்போருக்கு இன்னொன்று: விருப்ப ஒழுங்கில் மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை பார்க்கப்படுவதில்லை. முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளிகள் மாவட்டவாரியாகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இருக்கும். தபாற்கந்தோரில் அவசரமாக நிரப்பாமல், அதைப் பாடசாலை ஆசிரியர் ஒருவருடன் உட்கார்ந்து வாசித்தபின் எழுதுவது நல்லது.