தாஷ்கந்தின் ஆழ்கிணறு

1966 ஏப்ரல் 26, அதிகாலை 5.23. உஸ்பெக் தலைநகர் தாஷ்கந்தைப் பூகம்பம் உலுக்கியது. அளவில் அது பெரிதன்று. ரிக்டர் அளவில் ஐந்தைச் சற்றே தாண்டியது. ஆயினும் நகருக்கு நேர் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்திலேயே மையம் கொண்டதால், பழைய மண் வீடுகள் சரிந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வீடிழந்தனர்.

அந்நகரில் கனிமநீர் எடுத்துவந்த ஆழ்கிணற்றின் பதிவேடுகளைச் சோவியத் அறிஞர்கள் பின்னர் புரட்டினர். பூகம்பத்துக்கு முந்தைய ஆண்டுகளில் நீரிலிருந்த ராடான் வாயு சிறுகச் சிறுகக் கூடி, அதிர்ச்சிக்குப் பின் தணிந்திருந்தது. பாறையிலுள்ள யுரேனியம் சிதைவதால் பிறக்கும் வாயு அது. பாறை நெருக்குண்டு விரிசல் விடும்போது நீரில் மிகுதியாகக் கலக்கும் என விளக்கினர். அடையாளம் ஏட்டில் இருந்தது; அதைப் படித்தது நகரம் இடிந்த பிறகுதான்.

சீனத்தின் ஹைச்செங்கில் 1975 பிப்ரவரி 4 அன்று, கிணற்று நீரின் மாற்றத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்தடுத்து வந்த முன்னதிர்வுகளையும் கண்டு மக்களை வெளியேற்றினர். பல்லாயிரம் உயிர்கள் தப்பின. மறு ஆண்டு ஜூலை 28இல் தாங்ஷானுக்கு அத்தகைய முன்னதிர்வுகள் வரவில்லை. அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 2,42,000 பேர் மாண்டனர்.

ராடானை இன்றும் பல நாடுகளில் அளக்கின்றனர். மழையும் காற்றழுத்தமும்கூட அதன் அளவை மாற்றிவிடுகின்றன.