கூப்பிட்டால் கேட்கும் பாட்டு

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் 1980களில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. கடைக்காரரை நான் 'பாய்' என்பேன். அவர் என்னை 'மாப்ள' என்பார். ஒரு தாளில் 14 பாட்டு எழுதிக் கொடுத்தால் மூன்று நாளில் டி.டி.கே. 60 கேசட்டில் பதிந்து, அட்டையில் பாட்டுப் பெயர்களையும் முத்து முத்தாக எழுதித் தருவார். கேசட் ஜப்பான் கம்பெனியுடையது. பாட்டு பெரும்பாலும் நம் மதுரைக்காரர் டி.எம்.எஸ். பாடியது. அப்படிப் பதிந்த கேசட் ஒன்று இன்றும் என் அலமாரியில் இருக்கிறது.

ஜப்பான்காரர்கள் வெறும் கேசட்டோடு நிற்கவில்லை. பாட்டைக் கைப்பேசி வழியாக விற்கும் வியாபாரத்தையும் உலகத்துக்கு முன்பே பெரிதாகச் செய்து காட்டியவர்கள் அவர்கள்தான். 33 வருடம் தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாக இருந்தவன் என்பதால் அந்தக் கதையில் எனக்கு ஓர் ஈடுபாடு உண்டு.

1990களின் பின்பாதியில் ஜப்பானில் மணியோசைக்குப் பதிலாக மெட்டு ஒலிக்கும் கைப்பேசிகள் வந்தன. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தினால் எந்தப் பாட்டின் மெட்டு வரும் என்று சொல்லும் புத்தகங்கள் அங்கே லட்சக்கணக்கில் விற்றன. 1999 பிப்ரவரியில் என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 'ஐ-மோட்' என்ற கைப்பேசி இணையத்தைத் தொடங்கியது. அதன் பிறகு பொத்தானை எண்ணி அழுத்த வேண்டிய வேலை இல்லை. மெட்டை நேராக இறக்கிக்கொள்ளலாம். காசு மாதாந்தர போன் பில்லிலேயே சேர்ந்துவிடும்.

2002 டிசம்பரில் அடுத்த படி. கே.டி.டி.ஐ. நிறுவனத்தின் 'ஏயூ' சேவையில் பாடகரின் குரலோடு பாட்டின் ஒரு துண்டு ரிங்டோனாக வந்தது. இதற்கு 'சாக்கு-உத்தா' என்று பெயர். அழைப்பு வரும்போது ஒலிக்கும் பாட்டு என்று பொருள். 2004 நவம்பரில் முழுப் பாட்டும் வந்தது. மற்ற நாடுகளில் கம்ப்யூட்டரில் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஜப்பானில் டவுன்லோடு விற்பனையில் பத்தில் ஒன்பது பங்கு கைப்பேசியில்தான் நடந்தது. தினமும் நெடுநேரம் ரயிலில் போகும் ஜனங்கள், கையில் போன், பில்லோடு போகும் காசு. வேறென்ன வேண்டும்?

ஆனால் அதில் ஒரு பூட்டு இருந்தது. வாங்கிய பாட்டு வாங்கிய போனில்தான் பாடும். போனை மாற்றினாலோ கம்பெனியை மாற்றினாலோ, காசு கொடுத்த பாட்டு பெரும்பாலும் கூட வராது. நண்பனுக்கு நகல் எடுத்துக் கொடுக்கவும் முடியாது. ஸ்மார்ட்போன் வந்ததும் அந்த வியாபாரம் தேய்ந்து, பழைய வகைப் போன்களுக்கான 'சாக்கு-உத்தா' விற்பனையை 2016 டிசம்பரில் ரெக்கோசோக்கு நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

நம் ஊருக்கு வந்தது இதன் தம்பி. கொரியாவில் 2002இல் பிறந்து 2004இல் இந்தியாவுக்கு வந்த காலர் டியூன். இதைப் பலர் ரிங்டோனோடு குழப்பிக்கொள்வார்கள். நாம் ஒருவரைக் கூப்பிடும்போது காதில் 'டிர்ர்... டிர்ர்' என்று கேட்கிறதே, அது எதிர்முனையில் அடிக்கும் மணியின் ஓசை இல்லை. அந்த மணி வேறு, இந்த ஓசை வேறு. இதை எக்ஸ்சேஞ்சிலிருந்து தனியாக அனுப்புகிறோம். காலர் டியூன் என்பது அந்த ஓசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாட்டை வைப்பது. ஆகவே பாட்டு இருப்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில். வாங்கியவர் போனில் இல்லை. காசு கொடுத்தவருக்குக் கேட்கவும் கேட்காது, கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும். அப்போது அதற்கு மாத வாடகையும் உண்டு.

வாடகை என்று தெரியாமல் ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 2010இல் ஒரு நாள் என் ப்ரீபெய்டு கணக்கில் 30 ரூபாய் குறைந்திருந்தது. பேத்தி ஏதோ பொத்தானை அழுத்தியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரு குத்துப்பாட்டு கேட்டிருக்கிறது. சம்பந்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்! இப்படிப்பட்ட புகார்கள் குவிந்த பிறகு 2011 ஜூலையில், சந்தாதாரர் உறுதி செய்யாமல் இத்தகைய சேவைக்குக் காசு எடுக்கக் கூடாது என்று டிராய் உத்தரவிட்டது. 2013இல் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று இன்னும் இறுக்கியது.

இதற்குள் பாய் கடையில் கேசட் போய், சி.டி. போய், கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 50 ரூபாய் கொடுத்தால் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார். "பாய், இதுல பாடுனவங்களுக்கு ஒரு பைசா போகலையே" என்று ஒரு நாள் கேட்டேன். "அப்பவும் போகலையே மாப்ள, அப்ப ஏன் கேக்கல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. காலர் டியூன் கம்பெனியாவது பாட்டுக்கு உரிமை வாங்கித்தான் விற்றது. 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டம், திரைப்பாட்டைத் தியேட்டருக்கு வெளியே இப்படிப் பயன்படுத்தும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. பாய் கடையில் நான் கொடுத்த காசில் அவர்களுக்குப் பங்கே இல்லை. நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் பாயே தன் நம்பருக்கு டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைக் காலர் டியூனாக வைத்துக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை. "நீ கூப்பிட்டா கேப்பேல்ல, அதுக்குத்தான்" என்பார்.

2015இல் பாய் மவுத் ஆகிவிட்டார். கடைப் போன் என்பதால் மகன் அந்த நம்பரை விடவில்லை. எனக்கு மனது கனக்கும்போது அந்த நம்பருக்குப் போடுவேன். நாலு வரி கேட்பேன். மகன் எடுத்தால், "சும்மாதான் தம்பி" என்று வைத்துவிடுவேன். அவனும் புரிந்துகொண்டான், பிறகு என் நம்பரைப் பார்த்தால் உடனே எடுக்க மாட்டான்.

2017இல் ஒரு நாள் போட்டேன். 'டிர்ர்... டிர்ர்'. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிவிட்டான் பையன். நம்பர் கூட வந்தது. பாட்டு பழைய கம்பெனியின் கம்ப்யூட்டரோடு நின்றுவிட்டது. அவனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. "மன்னிச்சிருங்க மாமா" என்றான். அவனைச் சொல்லி என்ன செய்வது?

33 வருடம் ஊருக்கெல்லாம் நான் அனுப்பிய ஓசைதான் அது. அன்றைக்கு என் காதுக்கே அது அந்நியமாக இருந்தது.

பாய் பதிந்து கொடுத்த கேசட்டை இறக்கி, துடைத்து, போட்டேன். நாடா கொஞ்சம் இழுத்தது. ஆனாலும் பாடியது. அட்டையில் ஏழாவது வரியில் அதே பாட்டு, பாயின் கையெழுத்தில்.