கைதட்டலுக்குப் பின்னர்



விருத்தாசலம் மண்ணைப் பீங்கானாக்கும் ஊர். அங்குள்ள பீங்கான் தொழிற்கூடத்து இளைஞர் சிலருடன், ஒரு விடுமுறை நாளில், தொலைக்காட்சியில் ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்தைக் கண்டேன். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தைக் காட்டும் அப்படத்தை பி. ஆர். பந்துலு இயக்கி 1961-இல் வெளியிட்டார். வ. உ. சிதம்பரம் பிள்ளையாகத் தோன்றியவர் சிவாஜி கணேசன். ஆஷ் துரையை வாஞ்சி சுடும் காட்சி வந்ததும் இளைஞர்கள் கைதட்டினர். கல்லூரிப் பருவத்தில் நானும் அவ்வாறே கைதட்டியவன். அக்கைதட்டலைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றியது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர்; வழக்கறிஞரான சிதம்பரனார் அதன் உயிர்நாடி. செல்வரும் வணிகரும் கற்றோரும் கூடிய முயற்சி அது. ஆனால் 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். சில நாட்களிலேயே கூலி உயர்வும் வார ஓய்வும் கிடைத்தன. கற்றவருக்கும் கூலியாளுக்கும் இடையே நின்ற சுவர் அன்று சிறிது சரிந்தது.

அரசு அதனைப் பொறுக்கவில்லை. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. காவலர் சுட்டதில் நால்வர் மாண்டனர். சிதம்பரனாருக்கு நாற்பது ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. வெளிப்படையாகப் பேசும் வழி அடைபட்டது. இரகசியச் சங்கங்கள் கிளைத்தன. 1911 ஜூன் 17-இல், மணியாச்சி நிலையத்தில் நின்ற இரயிலில் இருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சி, தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார்.

அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. நெடுநாள் கழித்தே அதனை நான் படித்தேன். சுயராஜ்யம் வேண்டுமென்கிறது அது. அத்துடன் சனாதன தருமத்தை நிலைநாட்டுவதே நோக்கமென்கிறது. பசு மாமிசம் உண்ணும் ஐந்தாம் ஜார்ஜுக்கு இந்நாட்டில் முடிசூட்டுவதா என்று சினக்கின்றது. ஆஷின் பெயர் அதில் இல்லை. சிதம்பரனார் பட்ட துன்பம் இல்லை. ஆலைத் தொழிலாளியின் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொழிலாளர் ஆயிரம் பேர் கூடிச் சரித்த சுவரை அக்கடிதம் நினைக்கவே இல்லை.

வாஞ்சியின் உயிர்த் தியாகத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. துணிவு வேறு, துணிவைத் தூண்டிய கருத்து வேறு என்பதே என் எண்ணம். வரலாற்று நாடகம் பலவற்றையும் ஒரே அச்சில் வார்த்து அழகிய பொம்மையாக நம்முன் வைக்கின்றது. சூளையில் சுட்ட பின்னரே களிமண்ணின் கீறல் தெரியும். கடிதம், தீர்ப்பு, தேதி ஆகிய சான்றுகளே வரலாற்றுக்குச் சூளை.

படம் முடிந்ததும் ஓர் இளைஞர் என்னை நோக்கி, “ஐயா, அந்த ஆலைத் தொழிலாளர்கள் பிறகு என்ன ஆனார்கள்?” என்று வினவினார். அவர் கைகளில் களிமண் காய்ந்திருந்தது. வரலாறு கற்போர் முதலில் எழுப்ப வேண்டிய வினா அதுவே. கல்லூரி நாளில் எனக்கு அது தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.