உலை இல்லாத வீடு: ஒரு குளிர்நாட்டுக் கணக்கு

பசுமை வீடு என்று பேச்செடுத்தாலே, "கரண்டு பில் குறையும்" என்பதுதான் முதலில் வரும் வாதம். அடுத்த கேள்வி, "போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்?" பத்து, பதினைந்து வருஷம் என்று பதில் வந்தால், "அதுக்கு பேங்க்ல ஃபிக்சட் டெபாசிட்டே போட்டுடலாமே" என்று பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் குளிரில் நடுங்கிய ஊர்க்காரர்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சுமார் 3 டாலராக இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலர் அளவுக்கு ஏறியது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கும் நாடுகளுக்கு இது பேரிடி. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண அரசு, தங்கள் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் ஒரு சூரியசக்தி வீடு கட்டித் தரச் சொல்லி ஆய்வாளர்களிடம் கேட்டது. குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 30 டிகிரி சர்வசாதாரணம்.

ஹரால்ட் ஓர் என்ற பொறியாளர் இருந்த குழு, கேள்வியையே திருப்பிப் போட்டது. வெப்பத்தை எங்கிருந்து கொண்டு வருவது என்பதற்கு முன்னால், இருக்கிற வெப்பம் எப்படி ஓடிப்போகிறது என்று பார்த்தார்கள். 1977-ல் ரெஜைனா நகரில் எழுந்த அந்த வீட்டின் சுவர் சுமார் 30 செ.மீ. கனம், உள்ளே முழுக்க வெப்பத்தடுப்புப் பொருள். கூரையில் அதைவிட அதிகம். காற்று கசியும் இடுக்குகளைத் தேடித்தேடி அடைத்தார்கள். அப்படி அடைத்தால் உள்ளே மூச்சு முட்டுமே? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெளியேறும் காற்றின் சூட்டை, உள்ளே வரும் குளிர்ந்த காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் வெப்பப் பரிமாற்றி.

அந்த வீட்டில் வழக்கமான சூடேற்றும் உலை கிடையாது. கூடவே பொருத்திய சூரிய வெப்பக் கருவிகள்தான் விலையும் அதிகம், பராமரிப்புத் தொல்லையும் அதிகம். பிற்பாடு அவற்றைக் கழற்றிவிட்டார்கள். ஒருமுறை சுவருக்குள் வைத்துவிட்டால் அப்புறம் எட்டிப் பார்க்கவே தேவையில்லாத வெப்பத்தடுப்பு மட்டும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்த காட்சி அமெரிக்காவின் கொலராடோ. ஆமரி லவின்ஸ் என்ற ஆற்றல் ஆய்வாளர், 2,100 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலைப்பகுதியில் 1982 முதல் 1984 வரை தன் வீட்டைக் கட்டினார். வெளியே பனி, உள்ளே வாழை காய்த்தது. அவசரத்துக்கு விறகு அடுப்பு உண்டு, வழக்கமான உலை இல்லை. அவர் சொல்லும் கணக்குதான் முக்கியம்: வெப்பத்தைக் காக்கச் செய்த கூடுதல் செலவைவிட, உலையும் குழாய்களும் வாங்காததால் மிச்சமான தொகை 1,100 டாலர் அதிகம். அதாவது, பில் வருவதற்கு முன்பே, கட்டும்போதே லாபம்.

விடுபட்ட வரி இதுதான். வெப்பத்தடுப்பைக் கொஞ்சம் கூட்டினால் பில் கொஞ்சம் குறையும். இன்னும் கூட்டினால், கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும். பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால், அந்த இயந்திரமே வேண்டாம் என்றாகிவிடுகிறது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், ஒரு சர்வீஸை 20 சதவீதம் வேகமாக்குவதைவிட, அதுவே தேவையில்லை என்று தூக்குவதில்தான் பெரிய மிச்சம்.

இந்த எல்லைக்கு ஓர் எண் கொடுத்தவர்கள் ஐரோப்பியர்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ ஆடம்சனும் ஜெர்மன் இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் 1988-ல் பேசி உருவாக்கியதுதான் 'பாசிவ் ஹவுஸ்' யோசனை. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் முதல் நான்கு வரிசை வீடுகளில் குடியேறினார்கள். ஃபைஸ்ட் குடும்பமும் அதில் ஒன்று. இந்த முறையில், சூடாக்க ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணிக்கு மேல் ஆகக்கூடாது. உச்சக் குளிரிலும் தேவை சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் என்றால், உள்ளே வரும் புதுக்காற்றைக் கொஞ்சம் சூடாக்கினாலே போதும், தனி ரேடியேட்டர்கள் வேண்டியதில்லை.

கனடா வீடு என்ன ஆயிற்று? 1986-ல் எண்ணெய் விலை பாதி அளவுக்குச் சரிந்ததும், வட அமெரிக்காவில் இந்த ஆர்வம் அடங்கிப்போனது. எண்ணெய் விலை இறங்கிவிட்டது. ஆனால் அந்த வருஷங்களில் மெல்லிய சுவரோடு கட்டிய வீடுகள் அப்படியே நின்றுவிட்டன. விலை பிறகு ஏறியபோதெல்லாம் அதில் குடியிருந்தவர்தான் கட்டினார், கட்டிக்கொடுத்தவர் அல்ல.

நம் ஊரில் உலை கிடையாது, ஏசி இருக்கிறது. தர்க்கம் ஒன்றுதான். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மொட்டை மாடிக்கு வெப்பத்தடுப்பு, மேற்குச் சுவருக்கு நிழல், நல்ல ஜன்னல்கள் என்று கூடுதலாக ₹1,00,000 ஆகிறது. ஆண்டுக்கு மின்சாரத்தில் ₹10,000 மிச்சம். பத்து வருஷம்! ஃபிக்சட் டெபாசிட் கட்சி ஜெயித்த மாதிரி தெரியும். ஆனால் இரண்டு அறைக்கு ஏசியே வேண்டாம் என்றாகி ₹80,000 மிச்சமானால், உண்மையான கூடுதல் செலவு ₹20,000. இரண்டே வருஷம்.

இதை வீட்டுக் கடனில் வைத்துப் பாருங்கள். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால், ₹20,000-க்கு மாதத் தவணை சுமார் ₹174. மாத மிச்சமோ ₹833. முதல் மாதத்திலிருந்தே கையில் காசு நிற்கிறது. ஏசியைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மாற்றியாக வேண்டும். கூரை அப்படியே இருக்கும்.

நம்மிடம் இது இல்லாமலும் இல்லை. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்தது மழைநீருக்காக மட்டுமல்ல, வெயிலுக்காகவும்தான். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, சுவர், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்குப் பெரும்பாலான பகுதிகளில் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

ஆனால் கான்ட்ராக்டரிடம் நாம் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" என்ற ஒரே கேள்விதான். அந்த ரேட்டைக் குறைக்க அவர் விடுகிற ஒவ்வொன்றும் ஐம்பது வருஷத்துக்கு நம் பில்லில் வந்து உட்காரும். வீடு கட்டப் போகிறவர்கள், வரைபடம் கையெழுத்தாகும் முன் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இந்த வீட்டுக்கு எத்தனை ஏசி வேண்டாம்?"