திருகு மரையின் இருநூறு ஆண்டுகள்

பாமன்கடையை அண்டிய ஹவ்லொக் வீதியில், இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடித் தொகுதி நிற்கும் நிலத்தில், முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கியது. அதனை நினைவுகூருவோர் நூலையும் துணியையும் பேசுவர். இயந்திரங்களை இறுக்கிப் பிடித்திருந்த ஆணிகளின் மரையைப் பேசுவார் இலர். வரலாறு கவனியாது விட்ட அந்தச் சிறு பொருளைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

மரை என்பது சுழற்சிக்கும் நகர்வுக்கும் இடையிலான உடன்படிக்கை. 8 மில்லிமீற்றர் ஆணியின் வழமையான மரையில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் நகர்வு; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 1800ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி தமது கடைசல் இயந்திரத்தில் இந்த உடன்படிக்கையை இரும்பிலேயே எழுதினார். சுழல்தண்டையும் வெட்டுளியை நகர்த்தும் நீண்ட திருகையும் பல்சக்கரங்களால் பிணைத்தார். சக்கரத்தை மாற்றினால் மரையும் மாறும்.

அவரது பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விற்வேர்த், 1841இல் 55 பாகைக் கோணமுடைய பொது மரையளவை முன்மொழிந்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகையை முன்வைத்தார். பிரித்தானிய இயந்திரங்களோடு விற்வேர்த் மரை இலங்கைக்கு வந்தது. பின்னாளில் ஜப்பானிய வாகனங்களோடு மெற்றிக் மரை பெருகியது. ஒன்றின் ஆணி மற்றொன்றில் ஏறாது என்பதால், பழையதும் புதியதும் திருத்தும் பட்டறைக்கு இரு வகைக் கருவிகளும் தேவைப்பட்டன.

வெளி மரையிலும் கடினமானது துளைக்குள் மரை வெட்டுவது. அதற்குரிய ‘டப்’ எனும் கருவி மிகக் கடினமானது. அதனாலேயே எளிதில் முறியக்கூடியது. சுழற்சியும் இறக்கமும் பிசகினால் மரை கிழியும், அல்லது டப் துளைக்குள்ளேயே முறிந்து நிற்கும். வாடிக்கையாளரின் எஞ்சின் பாகத்தில் அது நேர்ந்தால், சிறு பட்டறையொன்றின் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். கைவினைஞர் இதனை விரல்களின் உணர்வால் தவிர்த்தனர். இயந்திரத்தில், சற்று நீண்டு சுருங்கும் பிடியொன்றில் டப்பைப் பொருத்திப் பிசகைச் சமாளித்தனர்.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவகம் எண்களால் இயங்கும் இயந்திரத்தை உலகுக்குக் காட்டியது. எனினும், சுழல்தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அறியாத கட்டுப்பாட்டுக் கருவியால், விட்டுக்கொடுக்காத இறுகிய பிடியில் மரை வெட்ட இயலாது. அதை அறிவிக்கும் சுழற்சியளவியைப் பழைய இயந்திரத்திலும் எளிதாக அமைக்கலாம் என்பதே இக்கதையின் சுவையான பகுதி.

சுழல்தண்டில் 60 பற்கள் கொண்ட இரும்புச் சக்கரமொன்றை மாட்டி, அருகே இரு உணரிகளை ஒரு பல்லிடைவெளியின் காற்பங்கு விலகியிருக்குமாறு பொருத்தினால், ஒரு சுற்றுக்கு 240 குறிப்புகள் கிடைக்கும். எது முந்துகிறது என்பதைக் கொண்டு சுழலும் திசையும் தெரியும். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் குறிப்புத் தரும் மூன்றாவது உணரி தொடக்கத்தைக் காட்டும். மேற்சொன்ன 8 மில்லிமீற்றர் மரையில் ஒரு குறிப்பு ஏறத்தாழ 0.005 மில்லிமீற்றர் நகர்வுக்குச் சமம்.

உணரியின் வகையும் முக்கியமானது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உணரி, வேகம் குறையக் குறைய மௌனமாகிவிடும். துளையின் அடியில் தண்டு நின்று திரும்பும் கணத்திலன்றோ குறிப்பு மிகத் தேவை! ஆகவே, 1879இல் எட்வின் ஹோல் என்ற அமெரிக்க மாணவர் கண்டறிந்த காந்த விளைவில் இயங்கும், நிற்கும் நிலையிலும் பல்லை அறியவல்ல உணரியே ஏற்றது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவகம் உருவாக்கிய நிரலிலிருந்து வளர்ந்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் இக்குறிப்புகளை ஏற்று மரை வெட்டுகிறது.

மோட்ஸ்லியிடம் இயந்திரத்தை ஓட்டிய பல்சக்கரம், இங்கு எண்ணப்படும் பொருளாகிவிட்டது. உடன்படிக்கை அதுவே; எழுதிய மை மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் எந்த மரைக்கு எந்தச் சக்கரம் என்று மனத்தாலேயே கணித்த தலைமுறை மறைந்து வருகிறது. உங்கள் தந்தையரோ பாட்டனாரோ கடைசல் பட்டறையில் உழைத்தவராயின், எண்ணெய்க் கறை படிந்த அவர்தம் கணக்குக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். நமது தொழில் வரலாற்றின் ஏடுகள் அவை.