ஜி.பி.எஸ்.: வழிசொல்லும் கடிகாரங்களின் வரலாறு

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்-1 செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அது அனுப்பிய 'பீப் பீப்' ஒலியை உலகமே வியந்து கேட்டது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் இருவர், அந்த ஒலியின் அலைவெண் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனித்தனர். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்கும் அதே டாப்ளர் விளைவுதான் அது. இம்மாற்றத்தைக் கொண்டே செயற்கைக்கோளின் பாதையை அவர்கள் கணக்கிட்டனர். 1958 மார்ச்சில் அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்ளூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். செயற்கைக்கோள் இருக்கும் இடம் தெரிந்தால், பூமியில் அதைக் கேட்பவர் இருக்கும் இடத்தைக் கண்டறியலாம் அல்லவா?

அமெரிக்கக் கடற்படைக்கு அப்போது அதுவே தேவைப்பட்டது. போலாரிஸ் ஏவுகணைகளைச் சுமந்த நீர்மூழ்கிக் கப்பல்கள், தாம் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்தால்தான் இலக்கைக் குறிவைக்க முடியும். இதற்காக உருவான டிரான்சிட் அமைப்பு 1964இல் கடற்படைப் பயன்பாட்டுக்கு வந்தது. 1967இல் வணிகக் கப்பல்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். கப்பலுக்கு அது போதும், விமானத்துக்கு உதவாது.

இக்குறையைத் தீர்க்கும் வழி கடிகாரத்தில் இருந்தது. கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ரோஜர் ஈஸ்டன், துல்லியமான கடிகாரங்களைச் செயற்கைக்கோள்களில் வைத்து டைமேஷன் என்ற பெயரில் 1967 முதல் சோதித்தார். விமானப்படையிலும் தனியாக ஒரு திட்டம் இருந்தது. 1973இல் பிராட்ஃபோர்டு பார்க்கின்சன் தலைமையில் இவை ஒன்றிணைக்கப்பட்டு ஜி.பி.எஸ். வடிவம் பெற்றது. முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது.

கைப்பேசி செயற்கைக்கோளுக்கு எதையோ அனுப்பி இடத்தைக் கேட்கிறது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் ஜி.பி.எஸ். கருவி கேட்க மட்டுமே செய்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். அது வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தொலைவு கணக்கிடப்படுகிறது. கருவியின் சொந்தக் கடிகாரம் மலிவானது, பிழையுடையது. அப்பிழையையும் சேர்த்துக் கண்டறியவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவால் மேலே உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 10 கி.மீ. அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும்.

1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் பறந்த கொரிய விமானம் பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேரும் இறந்தனர். இதையடுத்து, ஜி.பி.எஸ். முழுமையானதும் பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. இந்த விபத்தால்தான் ஜி.பி.எஸ். மக்களுக்கு வந்தது என்று சொல்வது மிகை. பொதுப் பயன்பாட்டுக்கான சமிக்ஞை தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது. 1983இல் கிடைத்தது வெளிப்படையான வாக்குறுதி.

அந்த வாக்குறுதியிலும் ஒரு பிடி இருந்தது. 1990 முதல், பொதுச் சமிக்ஞையில் வேண்டுமென்றே நேரப் பிழை கலக்கப்பட்டது. இடம் 100 மீட்டர்வரை தவறாகக் காட்டும். எதிரிகள் பயன்படுத்திவிடக் கூடாது என்பதே காரணம். வளைகுடாப் போரில் இராணுவக் கருவிகள் போதாமல் அமெரிக்க வீரர்களே கடையில் விற்கும் கருவிகளைப் பயன்படுத்த நேர்ந்தபோது, இந்தக் கலப்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் தொடர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே அரசின் கடலோரக் காவல்படை, கப்பல்களுக்காகத் தரை நிலையங்களிலிருந்து அந்தப் பிழையைத் திருத்தி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது! ஒரு துறை கெடுத்ததை இன்னொரு துறை சரிசெய்தது.

2000 மே 2 அன்று, அதிபர் கிளின்டனின் ஆணைப்படி கலப்பு நிறுத்தப்பட்டது. புதிய செயற்கைக்கோள் எதுவும் ஏவப்படாமலே, உலகிலுள்ள கருவிகள் எல்லாம் ஒரே இரவில் சுமார் பத்து மடங்கு துல்லியமாயின. எந்தத் தெருவில் வண்டி நிற்கிறது என்று காட்ட இது அவசியம். இன்றைய வாடகைக் கார் செயலிகளும் உணவு விநியோகமும் இந்த ஆணைக்குப் பிறகே இயல்பாகச் சாத்தியமாயின. கைப்பேசிக் கோபுரங்களும் மின்கட்டமைப்புகளும் தம் நேரத்தைச் சரிபார்க்க இதே கடிகாரங்களை நம்புகின்றன. இராமேசுவரம், நாகப்பட்டினம் மீனவர்களுக்குப் பாக் நீரிணையில் கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டுவதும் கையடக்க ஜி.பி.எஸ். கருவிதான்.

ஓர் ஆணையால் திறந்ததை இன்னோர் ஆணையால் மூடலாம் என்பதைப் பிற நாடுகள் உணர்ந்தே இருந்தன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவை தனித்தனியே வளர்ந்தன. இந்தியா 2013 ஜூலையில் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ செயற்கைக்கோளை ஏவி, பின்னர் நாவிக் எனப் பெயர்பெற்ற வட்டார அமைப்பைத் தொடங்கியது. அந்த முதல் செயற்கைக்கோளில் இருந்த, வெளிநாட்டில் வாங்கிய மூன்று அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளில் பழுதாயின. செயற்கைக்கோள் வானில் நல்லபடியாக இருந்தும் வழிகாட்டும் வேலைக்கு அது உதவவில்லை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-01, இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது.