எரிந்த காட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்றவர்

நூற்றாண்டு மலர் என்றால் நமது அதிபர்கள், நமது ஆசிரியைகள், நமது மண்டபம் என்று எழுதுவதே வழக்கம். அவற்றுக்கு இம்மலரில் பக்கங்கள் போதியளவு உண்டு. இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்டவரோ நமது கல்லூரியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு பெண்மணி. மொனிக்கா டேர்னர், ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சூழலியலாளர். எரிந்துபோன ஒரே காட்டுக்கு முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சென்று, அங்கு முளைத்த கன்றுகளை எண்ணியவர். நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் இவ்வேளையில், நூற்றாண்டுகளால் தன் காலத்தை அளக்கும் ஒரு காட்டின் வரலாறும் நமக்கு உகந்ததே எனக் கருதினோம்.

அந்தக் காடு யெலோஸ்டோன். 1872இல் அமைக்கப்பட்ட, உலகின் முதலாவது தேசியப் பூங்கா. வெந்நீர் ஊற்றுகளால் பெயர்பெற்ற இவ்விடத்துக்கு டேர்னர் முதலில் சென்றது 1978இன் கோடையில், பல்கலைக்கழக மாணவியாக, தொண்டுப் பணிக்காக. 1980இல் நியூயோர்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1985இல் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். ஜோர்ஜியாவில் அவர் ஆராய்ந்தது காட்டையல்ல, கரையோர உவர்ச் சதுப்பு நிலத்தை. கட்டாக்காலிக் குதிரைகள் மேய்ந்தும் மிதித்தும் புல்லுக்கு என்ன ஆகிறது என்பதே அங்கு அவரது கேள்வி. பின்னர் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான் 1988 வந்தது.

அவ்வாண்டுக் கோடை யெலோஸ்டோன் கண்டிராத வரட்சி. மின்னலால் தானாக மூளும் தீயைத் தன்பாட்டில் எரியவிடுவது 1972 முதல் பூங்காவின் கொள்கையாக இருந்தது. யூலை மாதத்தில் அதைக் கைவிட்டு எல்லாத் தீயையும் அணைக்க முற்பட்டார்கள். ஏறத்தாழ 25,000 தீயணைப்பாளர்கள் பணியாற்றியும் பலனில்லை. செப்டெம்பர் 11இல் பனி பொழிந்த பின்னரே தீயின் வேகம் தணிந்தது. பூங்காவின் 36 வீதம், அதாவது சுமார் 3 இலட்சத்து 21 ஆயிரம் ஹெக்டேயர், தீப்பட்டிருந்தது. யெலோஸ்டோன் அழிந்தது என்றே நாடெங்கும் பேச்சு.

டேர்னர் அப்படி அவசரப்படவில்லை. தீயின் பின், வில்லியம் ரொம்மே என்ற ஆய்வாளருடன் ஹெலிகொப்டரில் ஏறி நிலத்தைப் பார்த்தார். ரொம்மே ஏற்கெனவே மரங்களின் வயதையும் தீத்தழும்புகளையும் கொண்டு, 1700களின் முற்பகுதியிலும் இக்காட்டில் பெருந்தீ பரவியிருந்தது என 1982இல் எழுதியிருந்தவர். கரிக்காடு ஒரே விரிப்பாகக் கிடக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர். மேலிருந்து தெரிந்ததோ ஒட்டுத்துணி விரிப்புப் போன்ற நிலம்: முற்றாகக் கருகிய திட்டு, அதனருகே இலை மட்டும் வாடிய திட்டு, அதையடுத்துப் பச்சை. இந்தக் கலப்பே அவரது வாழ்நாள் ஆய்வுக்கு வித்தாயிற்று. எந்தத் திட்டில் எது முளைக்கும், ஏன் அங்கு முளைக்கும் என்று கேட்டு, நிலத்தை அளந்து அடையாளமிட்டு, ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து எண்ணத் தொடங்கினார்.

அங்கு எவரும் மரம் நடவில்லை. நடவேண்டியும் இருக்கவில்லை. யெலோஸ்டோன் காட்டின் பெரும்பகுதி லொட்ஜ்போல் பைன் மரம். இம்மரங்களிற் பலவற்றில் காய்கள் பிசினால் இறுக மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே கிடக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் உருகும், காய் வெடிக்கும், சாம்பல் மீது விதை கொட்டும். நம் வீடுகளில் அடுத்த போகத்துக்கென்று விதைநெல்லைக் கட்டி வைப்பதுபோல, மரம் தன் தலைமேலேயே கட்டி வைத்திருக்கிறது. பதினோராண்டுகளின் பின் எண்ணியபோது, சில இடங்களில் ஒரு கன்றும் இல்லை. சில இடங்களில் ஹெக்டேயருக்கு 5 இலட்சத்துக்கு மேல்! விதை மூலம் அரிதாகவே முளைக்கும் எனக் கருதப்பட்ட அஸ்பென் மரமும், முன்பு இல்லாத உயரங்களில் கன்றாகத் தலைகாட்டியது. காடு அழியவில்லை என்பதை எண்ணிக்கையோடு நிறுவினார்கள்.

இந்த ஆற்றலையே சூழலியலாளர் மீளுந்தன்மை என்கின்றனர். சி. எஸ். ஹோலிங் 1973இல் எழுதிய கட்டுரையோடு இக்கருத்து பரவியது. ஒரு சூழற்றொகுதி வேறொன்றாக மாறிவிடாமல் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதே அதன் பொருள். அளவு உண்டு என்பதுதான் அதில் முக்கியம். நம்மவரைப் பற்றிப் பேசுவோரும் இச்சொல்லைத் தாராளமாகப் பாவிக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் தாங்குவார்கள் என்று மெச்சுகிறார்கள். அந்த மெச்சலைக் கேட்கும்போது நமக்கு எப்போதுமே ஓர் உறுத்தல். ஹோலிங் சொன்ன அளவு அதில் விடுபட்டுப் போகிறது.

டேர்னர் அந்த அளவைத் தேடினார். 1994 முதல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் மடிசன் வளாகத்திற் கற்பித்தார். 2004இல் தேசிய விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவானார். 2015இல் அமெரிக்கச் சூழலியற் சங்கத்தின் தலைவியானார். பதவிகள் வந்தபோதும் காட்டை விடவில்லை. இக்காட்டில் ஒரு பெருந்தீக்கும் அடுத்ததற்கும் இடையே 100 முதல் 300 ஆண்டுகள் கழிவது வழக்கம். விதை சேர்வதற்கு அந்த இடைவெளி வேண்டும். காலநிலை சூடேறினால் இந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது 30 ஆண்டுக்கும் குறையக்கூடும் என 2011இல் அவரும் சகாக்களும் கணித்தனர். இளங்காடு எளிதில் எரியாது, தீயைத் தடுக்கும் என்பதே அதுவரை பலரது நம்பிக்கை.

2016இல் இளங்காடே எரிந்தது. 28 வயதுக் காடும், அயலிலுள்ள கிராண்ட் டீற்றன் பூங்காவில் 16 வயதுக் காடும். டேர்னர் தம் மாணவர்களான பிராசியூனாஸ், ஹான்சன், ஹார்வி ஆகியோருடன் மீண்டும் எண்ணினார். 2019இல் வெளியான முடிவு இது: முந்திய தீயின் பின் முளைத்த கன்றுகளில் ஆறிலொரு பங்கே இம்முறை முளைத்திருந்தது. ஹெக்டேயருக்கு 40,000க்கு மேல் நெருங்கி நின்ற இடங்கள் 1,000க்கும் குறைந்து வெளித்தன. சில இடங்களில் முந்திய தீ விட்டுச்சென்ற கட்டைகள்கூட எரிந்து, தரையில் அவற்றின் நிழல்போன்ற தடமே மிஞ்சியது. அத்தகைய இடங்களில் இழந்த காபனை மீண்டும் சேர்க்க 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம்.

காடு மீளும் என்று எண்ணிக்கையோடு சொன்ன அதே பெண்மணி, அது எங்கே மீளாது போகலாம் என்பதையும் அதே எண்ணிக்கையோடு சொன்னார். முதற்செய்தியின் புகழோடு ஓய்ந்திருக்கலாம், ஓயவில்லை. நமக்கு அவரிற் பிடித்தது இதுவே. அவரது மாணவர்கள் இன்று வேறு இடங்களில் தத்தம் மாணவர்களோடு காடுகளை ஆராய்கின்றனர். யெலோஸ்டோனில் 1988 தீயின் பின் முளைத்து, 2016இல் தப்பிய பைன் மரங்களுக்கு இப்போது நாற்பது வயது ஆகப்போகிறது. அவற்றின் கிளைகளில் மூடிய காய்கள் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.